கார் ஷெட்டை அறையாக மாற்றலாமா? சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் வீட்டு வரைபடம் போட்டு, அனுமதி வாங்கிக் கொடுப்பது என் வேலை. சமீப காலமாக என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் புது வீடு கட்ட வருவதில்லை. இருக்கிற கார் ஷெட்டை அடைத்து ஒரு அறை எடுக்கலாமா என்று கேட்டு வருகிறார்கள். மாடி ஏற முடியாத அம்மாவுக்குப் படுக்கையறை, மகளுக்குத் தையல் கடை, மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு இடம், தறி போட ஒரு கொட்டகை என்று ஆளுக்கு ஒரு தேவை. எல்லாமே நியாயமான தேவைகள். பாதிப் பேர் சுவர் எழுப்பிய பிறகு வருகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் வீடு, என் ஷெட். ஷட்டரைக் கழற்றிவிட்டுச் சுவர் வைக்க எதற்கு அனுமதி?

அனுமதி பெற்ற உங்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் 'கார் பார்க்கிங்' என்று எழுதியிருக்கும். அதை நம்பித்தான் மொத்த வீட்டுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவ்வளவு பரப்புள்ள வீட்டுக்கு இவ்வளவு வண்டி நிறுத்தும் இடம் வேண்டும் என்பது அதில் ஒரு கணக்கு. அந்த இடத்தை அறையாக்கினால் கணக்கு மாறிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மனை எவ்வளவோ அதைப்போல இத்தனை மடங்குதான் கட்டலாம் என்ற வரம்பை எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். சாதாரண உயரமுள்ள கட்டடங்களுக்கு அது 2. தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்தி வண்டிக்கு விட்டிருந்தால் அந்தப் பரப்பு இதில் சேராது. அங்கே சுவர் வைத்து அறையாக்கிய நாளிலிருந்து சேர்ந்துவிடும். ஏற்கெனவே வரம்பு வரைக்கும் கட்டிவிட்ட வீடு என்றால் இந்த ஒரு அறையால் மொத்தக் கட்டடமும் விதிமீறல் ஆகிவிடும்.

சுண்ணாம்பு அடிப்பது, பூச்சு வேலை, தரைக்கு டைல்ஸ் போடுவது போன்ற பராமரிப்புக்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. பயன்பாடு மாறும்போதுதான் போக வேண்டும்.

யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?

மாநகராட்சி எல்லைக்குள் என்றால் சேலம் மாநகராட்சி. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள் இருக்கின்றன. உங்கள் வீடு எந்த மண்டலத்தில் வருகிறது என்று சொத்து வரி ரசீதிலேயே இருக்கும். எல்லைக்கு வெளியே என்றால் உங்கள் பேரூராட்சி அல்லது கிராம ஊராட்சி. விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகும். பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் கையெழுத்துப் போட்ட வரைபடம்தான் ஏற்கப்படும்.

ஏற்காடு தனிக் கதை. கீழே சொல்கிறேன்.

என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும்?

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சமீபத்திய சொத்து வரி ரசீது, பழைய அனுமதி வரைபடம். கடைசியாகச் சொன்னது காணாமல் போயிருந்தால் அதைத் தேடுவதுதான் முதல் வேலை. வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கியில் ஒரு நகல் இருக்கும். அப்பா காலத்து வீடு என்றால் பத்திரத்தோடு சுருட்டி வைத்திருப்பார்கள். அந்த நீல நிறத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புது வரைபடத்தில் இருப்பது, இடிப்பது, புதிதாகக் கட்டுவது மூன்றையும் தனித்தனி நிறத்தில் காட்ட வேண்டும். இடிப்பது மஞ்சள், புதிது சிவப்பு.

சிறிய வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறதாமே?

ஆமாம். 2024 ஜூலையில் தொடங்கிய திட்டம் அது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்று ஆரம்பித்தது. புதிதாக வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல திட்டம். ஆனால் 'சுயசான்று' என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறீர்கள். அதனால் பொறுப்பு கூடுகிறதே தவிர, குறைவதில்லை. அந்த முறையில் அனுமதி வாங்கிய வீட்டில் ஷெட்டை அடைத்துவிட்டால், கொடுத்த உறுதியை நீங்களே மீறினதாக ஆகும்.

ஷெட்டை அடைத்தால் காரை எங்கே நிறுத்துவது?

இதை நான்தான் முதலில் கேட்பேன். பதில் இல்லாவிட்டால் வரைபடத்தை ஆரம்பிப்பதே இல்லை.

ஒரு காருக்கு விதிப்படி 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும். நம் கணக்கில் எட்டேகால் அடிக்குப் பதினாறரை அடி. மனைக்குள் வேறு இடத்தில் இதைக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேட்டிலிருந்து வண்டி திரும்பி உள்ளே வர வழியும் இருக்க வேண்டும். காகிதத்தில் செவ்வகம் வரைந்து காட்டிவிட்டு, நிஜத்தில் அங்கே துளசி மாடமும் கிணறும் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் பட்டுவிடும்.

தெருவில் நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லாதீர்கள். குகை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம் பக்கத்துத் தெருக்களில் ஒரு கார் நின்றால் ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியாது. அம்மாவுக்கு அறை கட்டுகிறோம் என்றால், அந்த அம்மாவுக்காக ஒரு நாள் ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் அல்லவா?

காரே இல்லை, இரண்டு சக்கர வண்டிதான் என்பவர்களும் இருக்கிறார்கள். விதி கேட்பது உங்களிடம் என்ன வண்டி இருக்கிறது என்பதை அல்ல, வீட்டின் பரப்புக்கு என்ன இடம் வேண்டும் என்பதை. சிறிய வீடுகளுக்குச் சலுகை உண்டு. உங்கள் பரப்பைப் பொறியாளரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஷெட் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே இருக்கிறது. பரவாயில்லையா?

பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய திறந்தவெளியில், பின்னால் வந்த தேவைக்காகத் தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்டு இறக்கியதுதான் பல ஷெட்டுகள். அந்தத் திறந்தவெளி காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், தீ விபத்து நடந்தால் ஆள் நுழைவதற்கும் விட்டது. அங்கே நிரந்தர அறைக்கு அனுமதி கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதி வாங்கினாலும் கிடைக்காது. ரொம்பப் பேர் அந்தக் கடிதத்தை நம்பிப் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

மனையே அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் இருந்தால் முதலில் மனையை வரன்முறை செய்ய வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்காக அந்தத் திட்டம் வந்தது.

அறைக்கு அளவு, உயரம், ஜன்னல் எப்படி இருக்க வேண்டும்?

தேசியக் கட்டட நெறிமுறை சொல்வதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். வசிக்கும் அறையின் உட்புற உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடி. கார் ஷெட்டுக்கு 2.4 மீட்டர் போதும். இந்த ஓரடி வித்தியாசம் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஷெட்டின் தரை பெரும்பாலும் வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்து, தெருவை நோக்கிச் சரிந்திருக்கும். அதை நிரப்பி மேலே கொண்டு வந்தால் இருக்கிற உயரமும் குறையும். எட்டரை அடி இருந்த ஷெட் ஏழரை அடி அறையாகி, சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார முடியாமல் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நிரப்பும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஒரே ஒரு வசிப்பறை என்றால் 9.5 சதுர மீட்டர், சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது. சாதாரணக் கார் ஷெட் 10-க்கு 18 அடி இருக்கும் என்பதால் பரப்பில் பிரச்சினை வராது.

ஜன்னல்தான் பிரச்சினை. ஷெட்டுக்கு மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் ஷட்டர். ஷட்டரை அடைத்துவிட்டால் அது ஒரு பெட்டி. வறண்ட வெப்பப் பகுதிக்குத் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் ஜன்னல், வென்டிலேட்டர் திறப்பாக வேண்டும் என்கிறது நெறிமுறை. கதவு இதில் சேராது. நான் ஆறில் ஒரு பங்கைத்தான் சொல்வேன். 180 சதுர அடி ஷெட்டுக்கு 30 சதுர அடி வரும். 4-க்கு 4 அடியில் இரண்டு ஜன்னல் வைத்தால் சரியாகிவிடும், எதிரெதிராக வைத்தால் காற்று ஓடும். பக்கத்து மனையை ஒட்டிய சுவரில் ஜன்னல் திறக்கக்கூடாது என்பதால், எந்தச் சுவரில் வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

சிமென்ட் ஷீட் கூரையின் கீழ் ஆள் படுக்க அறை வேண்டாம். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் பகலெல்லாம் சுட்ட ஷீட் இரவு நேரத்திலும் அனலைக் கீழே இறக்கும். வயதானவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஷெட்டுக்குக் கீழே செப்டிக் டேங்க் இருக்கிறது. மேலே அறை கட்டலாமா?

கூடாது. கட்டாயமாகக் கூடாது.

கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதால் நானே கேட்டுக்கொள்கிற கேள்வி இது. சேலத்தில் பல பகுதிகளில் வீட்டு முகப்பில், போர்டிகோவுக்கோ ஷெட்டுக்கோ அடியில்தான் செப்டிக் டேங்க்கையும் தண்ணீர் சம்ப்பையும் போட்டிருப்பார்கள். லாரிக் குழாய் எட்டுவதற்கு அதுதான் வசதி. திறந்த ஷெட்டாக இருந்தவரை ஆபத்து தெரியவில்லை. அறையாக மூடினால், மூடியின் விளிம்பிலிருந்து கசியும் வாயு உள்ளேயே தங்கும். மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கீழே படுத்துத் தூங்குகிறவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலே டைல்ஸ் ஒட்டி மூடியை மறைத்துவிடலாம் என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். பிறகு டேங்க் நிரம்பும்போது என்ன செய்வீர்கள்? தரையை உடைத்து, அறைக்குள்ளே திறந்து, ஆளை இறக்கச் சொல்வீர்களா? செப்டிக் டேங்க்குக்குள் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவர் மீதும் இறக்கச் சொன்னவர் மீதும் வழக்கு வரும். அதையெல்லாம் விடுங்கள், அந்த மனிதர் வெளியே வராமல் போனால்?

டேங்க்கை வெளியே மாற்றுங்கள். பழைய டேங்க்கைக் காலி செய்து, சுத்தம் செய்து, மண்ணும் கல்லும் போட்டு இறுக்கி நிரப்பிய பிறகுதான் மேலே தரை. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கும் தெருவாக இருந்தால் இன்னும் எளிது. தண்ணீர் சம்ப் மட்டும் என்றால் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் மூடி அறைக்கு வெளியே வரும்படி சுவரைத் தள்ளிப் போடுங்கள்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஷெட் ஓரத்தில் அந்தக் குழி இருந்தால் அதையும் மூடிவிடாமல் இடம் மாற்றுங்கள்.

ஷட்டர் இருந்த இடத்தில் சுவர் வைக்கத் தனியாக அஸ்திவாரம் வேண்டுமா?

வேண்டும். இருக்கிற தரை மேலேயே ஹாலோ பிளாக் அடுக்கிவிட்டால் ஒரு மழைக்காலம் போனதும் பழைய தூணும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை விரிசல் விழும். தரையை வெட்டி, குறைந்தது ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, ஈரம் மேலே ஏறாமல் தடுப்புப் பூச்சும் கொடுத்து எழுப்புங்கள். தெருவின் மட்டத்தைவிட அறையின் தரை உயரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோடு போடப் போட நம் வீடுகள் பள்ளமாகிக்கொண்டே வருகின்றன.

தையல் கடையோ டியூஷனோ வைக்கலாமா? கரண்ட் கனெக்‌ஷனை மாற்ற வேண்டுமா?

என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கடைக்கு அந்த இணைப்பில் மின்சாரம் எடுத்தால் முறைகேடான பயன்பாடு என்று அபராதம் வரும். வணிக இணைப்பு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர், மருத்துவர் போன்றவர்கள் தாம் குடியிருக்கும் வீட்டோடு சேர்த்து 200 சதுர அடிக்குள் ஆலோசனை அறை வைத்துக்கொண்டால் அதற்கு மட்டும் வீட்டுக் கட்டணமே பொருந்தும். நம் 180 சதுர அடி ஷெட் அதற்குள் அடங்கிவிடுகிறது.

விசைத்தறிக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. 2023-லிருந்து இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், கைத்தறிக்கு 300 யூனிட். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கார் ஷெட்டில் தறி போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தறியின் அதிர்வு பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் போகும். பொதுச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள். குடியிருப்புப் பகுதியில் எந்தத் தொழில், எத்தனை குதிரைத்திறன் வரை என்று வரம்பு உண்டு. தொழில் உரிமமும் வேண்டும். வெள்ளிக் கொலுசுப் பட்டறை போடுகிறவர்கள் அமிலமும் நெருப்பும் புழங்குவதால் இரண்டு வழி இல்லாத அறையில் வேலையே ஆரம்பிக்கக்கூடாது.

சொத்து வரி கூடுமா?

கூடும். பரப்பும் பயன்பாடும் மாறுகிறதே. வாடகைக்கோ கடைக்கோ விட்டால் இன்னும் கூடும். நீங்களாகவே போய் மாற்றிக்கொள்வது நல்லது. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை: வரி போட்டுவிட்டார்கள், அதனால் அனுமதி கிடைத்த மாதிரிதான் என்று நினைக்காதீர்கள். வரி ரசீது அனுமதி ஆகாது.

வாடகைக்கு விடலாமா?

அனுமதி பெற்ற அறை என்றால் விடலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். கழிப்பறை இல்லாத ஷெட்டைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விடாதீர்கள்.

அபார்ட்மென்ட்டில் என் பார்க்கிங்கை மட்டும் அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கலாமா?

கூடாது. தூண்தள நிறுத்துமிடம் பொதுப் பரப்பு. அதைத் தனியாக விற்க பில்டருக்கே உரிமை இல்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏற்காட்டில் கார் ஷெட்டை ஹோம்ஸ்டே ஆக்க நினைக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

மலையில் ஒரு படி அதிகம். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது 'ஹாக்கா'வின் கட்டுப்பாட்டில் வருகிறது. ஊராட்சி அனுமதியோடு முடிவதில்லை. இடத்தைப் பொறுத்து வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியோரின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போது மழைக்காலத்தில் எங்கெங்கே மண் சரிந்து கிடக்கிறது என்று பார்த்தாலே புரியும். மேட்டைக் குடைந்து ஷெட்டைப் பின்னால் நான்கடி நீட்டினால், மேலே இருக்கிற காப்பித் தோட்டத்தின் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்காத தடுப்புச் சுவர் தானே விழுந்துவிடும்.

வழியில் சில்வர் ஓக் நிற்கிறது, வெட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும்.

விருந்தினர் தங்கும் அறை என்றால் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம், மார்கழி, தை மாதக் குளிரில் விருந்தினர் கேட்டார்கள் என்று அடுப்புக்கரி மூட்டி அறைக்குள் வைக்காதீர்கள். ஷெட்டாக இருந்த அறையில் காற்று வெளியேற வழி குறைவு. கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. கேஸ் கீசரையும் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். மேலே ஒரு வென்டிலேட்டர் எப்போதும் திறந்தே இருக்கட்டும், குளிர் உள்ளே வந்தாலும் பரவாயில்லை. கம்பளி இன்னொன்று கொடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே அடைத்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப் போடவும் வேண்டாம். 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. இன்றைக்குக் கட்டியதற்கு அந்த வழி கிடையாது. விதிக்குள் வருமென்றால் திருத்திய வரைபடம் போட்டு விண்ணப்பிக்கலாம். வராதென்றால், நோட்டீஸ் வரும் முன் நீங்களே சுவரை எடுத்துவிடுவது செலவு குறைவு. நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டிச் சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. அதை எதிர்த்து 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். கூரியரில் வந்த நோட்டீஸைப் பிரிக்காமல் வைத்துவிட்டு நாள் கடந்த பிறகு வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிற்காலத்தில் கார் வாங்கினால் மறுபடி ஷெட்டாக்க முடியுமா?

முடியும், இப்போதே யோசித்துச் செய்தால். ஷட்டருக்கு மேலே இருக்கும் லிண்டலை உடைக்காதீர்கள். ஷட்டர் இருந்த இடத்தில் எழுப்பும் சுவரின் மேல் மேல்தளத்தின் பாரம் எதையும் ஏற்றாதீர்கள். மின் குழாய், தண்ணீர்க் குழாய் எதையும் அந்தச் சுவருக்குள் ஓட்டாமல் பக்கச் சுவர்களில் கொண்டு போங்கள். கேட்டையும் சாய்தளத்தையும் அப்படியே விடுங்கள். இப்படிச் செய்திருந்தால் இரண்டு ஆள் வைத்து இரண்டு நாளில் அந்தச் சுவரை எடுத்துவிட்டுக் காரை உள்ளே விட்டுவிடலாம்.